தூக்கி எறியுமுன் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விடுமுறை. பிரிஞ்சாங்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய சிடி பிளேயரை ஈப்போவில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கொண்டுபோனோம். விடியுமுன்னே காரில் ஏற்றி, சிம்பாங் பூலாய் சாலை வழியாக இறங்கினோம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை மின்சாரத்தில் இணைத்து, பாட்டியின் குரல் பதிந்திருந்த குறுந்தட்டைப் போட்டோம். தட்டு சுற்றும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. சின்னத் திரையில் ‘நோ டிஸ்க்’ என்று எழுத்து வந்தது. தட்டு உள்ளேதான் இருக்கிறது. கருவியோ தட்டே இல்லை என்கிறது.

“இது செத்துப்போச்சுடா. பழைய சாமான்காரன்கூட வாங்கிக்க மாட்டான்,” என்றார் மாமா. அம்மா ஒன்றும் பேசவில்லை. கருவி வாசலில் குப்பைப் பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பிக்கு மனம் கேட்கவில்லை. அதை மறுபடியும் உள்ளே எடுத்து வந்து பொத்தானை அழுத்தினான். பாட்டி பாட ஆரம்பித்தார்.

யாரும் எதையும் பழுதுபார்க்கவில்லை. நடந்தது வெறும் இயற்பியல். பிரிஞ்சாங்கில் இரவு வெப்பநிலை 16, 17 பாகை செல்சியஸ் வரை இறங்கும். அந்தக் குளிரில் கிடந்த கருவியை நேராக ஈப்போவின் ஈரமான வெப்பக் காற்றுக்குள் கொண்டுபோய் வைத்தோம். அங்கே காற்றில் இருக்கும் நீராவி, ஏறத்தாழ 23, 24 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் துளியாகப் படியும். குளிர்சாதன காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகிறதே, அதேதான். கருவிக்குள் இருக்கும் சிறிய லென்சு மங்கிவிட்டது. லேசர் ஒளி சரியாகக் குவியவில்லை. இரண்டு மணி நேரத்தில் லென்சு சூடாகி, ஈரம் காய்ந்து, கருவி தானாகச் சரியாகிவிட்டது.

மாணவர்களே, அந்தக் குறுந்தட்டு எங்கள் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த பாட்டி பாடிய தாலாட்டும், தோட்டத்து முருகன் திருவிழாவில் பெண்கள் சேர்ந்து பாடிய பாட்டும் அதில்தான் இருந்தன. பாட்டி இன்று இல்லை. ‘குளிர்ந்த கருவியை வெப்பமான இடத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்கவும்’ என்று கையேட்டில் இருந்திருக்கக்கூடிய ஒரே ஒரு வரி தெரியாததால், அதைக் கேட்கும் வழியை நாங்களே குப்பையில் போடப் பார்த்தோம்.

அதனால்தான் சொல்கிறேன்: வீட்டில் ஒரு சிடி பிளேயர் தூசு படிந்து கிடந்தால், அதைச் சரியாக நிறுவவும் இயக்கவும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பழமையின் மேல் உள்ள ஆசையால் இதைச் சொல்லவில்லை. ஒரு கருவியை இயக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்வரைதான் அதில் பதிந்தது உயிரோடு இருக்கும்.

‘எல்லாம்தான் கைப்பேசியில் இருக்கிறதே?’

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். திரைப்படப் பாடல்கள் இருக்கின்றன, உண்மைதான். 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட ‘வல்லவன்’ போன்ற பெயர்பெற்ற மலேசியத் தொகுப்புகளையும் தேடினால் கேட்கலாம். ஆனால் இணையத்தில் இருப்பது யாரோ ஒருவர் ஏற்றி வைத்தது மட்டுமே. கோயில் திருவிழாவுக்காக நூறு பிரதி அடித்த பக்திப் பாடல் தட்டு, பள்ளி ஆண்டு விழாவின் பதிவு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தில் யாரோ பேசிய வாழ்த்து ஆகியவற்றை யாரும் ஏற்றவில்லை. அவை உங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னில்தான் இருக்கின்றன. தோட்டங்கள் மாறி, லயத்து வீடுகள் காலியாகி, மக்கள் பட்டணங்களுக்குப் போய்விட்ட பிறகு, அங்கே எப்படிப் பேசினார்கள், எப்படிப் பாடினார்கள் என்பதற்குச் சாட்சி அந்தத் தட்டுகள்.

அதோடு, சிடி பிளேயர் ஒரு நல்ல அறிவியல் ஆசிரியர். படிவம் நான்கு இயற்பியலில் வெப்பம், அலைகள், ஒளி என்று தனித்தனிப் பாடமாகப் படிக்கிறீர்கள். இந்தப் பெட்டிக்குள் மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

பிலிப்ஸ், சோனி என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த அளவுமுறைதான் சிடி. முதல் வீட்டுக் கருவி 1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். பெரும்பகுதி போலிகார்பனேட் என்ற தெளிந்த நெகிழி. அதன் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதற்கு மேல் காப்புப் பூச்சு, அதன் மேல் அச்சிட்ட படம்.

நெகிழியில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் ஒரே சுருள் தடத்தில் அமைந்துள்ளன. பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் தூரம்தான். அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தாவுக்கு நடந்துபோகும் தூரத்துக்குக் குறையாது.

இதைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர். குழியில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதைச் சுற்றியுள்ள சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அரை அலைநீள அளவுக்கு விலகிப்போகும்படி குழியின் ஆழம் அமைந்திருக்கிறது. அதனால் ஒன்றை ஒன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் வரும் அழிவுக் குறுக்கீட்டு விளைவு இதுதான். குழி என்றால் 0, சமதளம் என்றால் 1 என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குழி தொடங்கும் இடமும் முடியும் இடமும்தான் 1. மாற்றம் இல்லாத நீளம் எல்லாம் 0.

ஒரு சிறிய கணக்கு. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என இரண்டு வழித்தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 1,411,200 பிட். 74 நிமிடத் தட்டில் 6 பில்லியனுக்கும் மேற்பட்ட பிட்கள். ஏன் 44,100? மனிதக் காது அதிகபட்சமாக ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைப் பிழையின்றி மீட்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

நிறுவுவது எப்படி, ஏன் அப்படி?

முதலில் கருவியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட் வரை. ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த பழைய கருவிக்கு 100 வோல்ட் போதும். அதை நம் வீட்டு மின்செருகியில் நேராகச் செருகினால் கருகிவிடும்.

அடுத்து, கருவியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சில கருவிகளில், பயணத்தின்போது லேசர் பகுதி ஆடாமலிருக்க ஒரு திருகு போட்டிருப்பார்கள். அதைத் தளர்த்தாமல் இயக்கினால் தட்டைப் படிக்காது. வீடு மாறும்போது அதை மறுபடி பூட்ட வேண்டும்.

இடம் சமமாகவும் அசையாமலும் இருக்கட்டும். 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் தடத்தைப் பின்தொடரும் கருவிக்கு, ஆடும் மேசை ஒரு நிலநடுக்கம். அதிரும் ஸ்பீக்கர் மேலேயும் வைக்க வேண்டாம். சூடாகும் ஆம்ப்ளிஃபையர் மேலேயும் வைக்க வேண்டாம்.

மின்சாரத்தை இணைக்குமுன் ஒலி வயர்களை மாட்டி முடியுங்கள். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். ஆம்ப்ளிஃபையரில் ‘சிடி’ அல்லது ‘ஆக்ஸ்’ என்ற துளையில் செருகுங்கள். ‘ஃபோனோ’ என்ற துளையில் ஒருபோதும் வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சமிக்ஞைக்காக வைத்தது. சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட் வரை. நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய சமிக்ஞையை அதற்குள் விட்டால் காது கிழியும், ஸ்பீக்கரும் கெடும்.

ஒலியளவைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒலிநாடாவில் பாட்டு வருமுன் ‘உஸ்’ என்ற இரைச்சல் வரும். அதைக் கேட்டே அளவைச் சரிசெய்துகொள்வோம். சிடியில் அந்த இரைச்சல் இல்லை. ஒன்றும் வரவில்லையே என்று கூட்டிக்கொண்டே போனால், திடீரென்று நாதஸ்வரம் வீட்டை அதிர வைக்கும்.

தட்டைப் படம் மேலே தெரியும்படி வையுங்கள். தட்டு வைக்கும் பலகையைக் கையால் தள்ளாதீர்கள், பொத்தானை அழுத்துங்கள். மூடியபின் ஒரு நிமிடம் கவனியுங்கள். கருவி முதலில் தட்டின் உள்விளிம்புக்குப் போய், மொத்தம் எத்தனை பாடல், எவ்வளவு நேரம் என்ற அட்டவணையைப் படிக்கும். இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே போகும். சிடி உள்ளிருந்து வெளியே வரும். உள்வட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று, வெளிவட்டத்தில் ஏறத்தாழ 200 சுற்று. தடத்தின் வேகம் மாறாமலிருக்க, சுற்றும் வேகம் இப்படிக் குறைந்துகொண்டே வருகிறது.

‘நோ டிஸ்க்’ வந்தால்

பதற்றப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தட்டு தலைகீழாக இருக்கிறதா? கருவி குளிரிலிருந்து வந்ததா? அப்படியென்றால், தட்டை வெளியே எடுத்துவிட்டு, மின்சாரத்தைப் போட்டபடி இரண்டு மணி நேரம் விடுங்கள். அது உண்மையிலேயே பாட்டு சிடியா? நம் வீடுகளில் குவிந்து கிடக்கும் பல தட்டுகள் திரைப்பட விசிடிகள். பாட்டு மட்டும் பாடும் கருவியில் அவை ஓடா. எம்பி3 கோப்புகள் நிறைந்த தட்டையும் பழைய கருவிகள் படிக்கா. கடைசியில், தட்டு அழுக்காக இருக்கிறதா?

துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். ஏன் என்பதில்தான் சிடியின் மிக அழகான அறிவியல் இருக்கிறது. 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். தகவலோடு கூடுதல் எண்களைச் சேர்த்து அனுப்பினால், சில எண்கள் தொலைந்தாலும் மீதியை வைத்துத் தொலைந்தவற்றைக் கணக்கிட்டு மீட்கலாம் என்பது அதன் சாரம். சிடி அந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது. தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் முற்றாக அழிந்தாலும் முழுமையாக மீட்டுவிடும். கடையில் பணம் செலுத்த நீங்கள் கைப்பேசியால் படம்பிடிக்கும் கியூஆர் குறியீடு கசங்கியிருந்தாலும் வேலை செய்கிறதே, அதற்குப் பின்னாலும் இதே கணிதம்தான்.

நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியை மட்டுமே கெடுக்கும். அதைக் கணிதம் சரிசெய்துவிடும். வட்டமான கீறலோ ஒரே தடத்தின் வழியே நீண்டு ஓடும். அங்கே கணிதமும் கைவிட்டுவிடும்.

இன்னொன்று. பளபளக்கும் அடிப்பக்கத்தை நாம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். படமுள்ள மேல்பக்கத்தை மேசையில் தேய்க்கிறோம். உண்மை தலைகீழ். அடியில் 1.2 மில்லிமீட்டர் நெகிழி கவசமாக இருக்கிறது. மேலே மெல்லிய பூச்சுக்குக் கீழேயே தகவல் இருக்கிறது. மேல்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவதும், ஒட்டுத்தாளை ஒட்டிப் பிய்ப்பதும்தான் தட்டைக் கொல்லும்.

ஓர் எச்சரிக்கை: கருவியைத் திறந்து, ஓடும்போது லேசரை உற்றுப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியாததால் கண் சிமிட்டாது, அதுவே ஆபத்து.

மலையின் குளிரும் ஈரமும்

2003-இல் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, தட்டுகளை 4 முதல் 20 பாகை வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. கேமரன் மலைக்காரர்களுக்கு இதில் பாதி பரிசு, பாதி சோதனை. குளிரை இயற்கையே இலவசமாகத் தருகிறது. ஆனால் சுங்கை பாலாஸ் பக்கம் பனிமூட்டம் தேயிலைச் செடியைத் தடவிக்கொண்டு போகும் காலையில், அலமாரிக்குள் ஈரப்பதம் 50 விழுக்காட்டில் நிற்குமா? நம் துணிகளில் பூசணம் பூப்பதைப் பார்த்தாலே தெரியும்.

தட்டிலும் பூசணம் வரும். 2001-இல் மத்ரித் நகர ஆய்வாளர்கள், மத்திய அமெரிக்க நாடான பெலிசிலிருந்து வந்த ஒரு சிடியில் அலுமினியப் பூச்சையும் நெகிழியையும் பூஞ்சை அரித்திருப்பதைக் கண்டார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடு அது. இப்படி நடப்பது அரிது. ஆனாலும் தட்டுகளை உறையிலிட்டு, மூடிய டப்பாவில் நிமிர்த்தி வைத்து, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கூடவே போடுங்கள். செலவே இல்லை.

அவசரம் இங்கேதான்

கடையில் வாங்கிய தட்டில் குழிகள் அச்சுப்போல் வார்க்கப்பட்டவை. வீட்டுக் கணினியில் பதிந்த தட்டில் குழிகளே இல்லை. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கும். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். நல்ல தட்டு பல பத்தாண்டு தாங்கலாம். மலிவானது சில ஆண்டுகளிலேயே போகலாம். நம் குடும்பக் குரல்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகைத் தட்டில்தான் இருக்கின்றன. எனவே கருவியில் ஒருமுறை ஓடியதும், அடுத்த வேலை நகலெடுப்பது.

இங்கே எங்கள் வீட்டில் இரண்டாவது கண்டமும் வந்தது. பாட்டியின் தட்டைக் கணினியில் போட்டு, அதிலிருந்த கோப்புகளை இழுத்துப் பென்டிரைவில் போட்டுவிட்டு, “காப்பி பண்ணிட்டேன் அண்ணே, இனி இந்தத் தட்டு எதுக்கு?” என்றான் தம்பி. கோப்பின் அளவைப் பார்த்தேன்: ஒவ்வொன்றும் 44 பைட். ஒரு நொடி ஒலிக்கே 176,400 பைட் வேண்டும். அந்தக் கோப்புகள் பாட்டல்ல. பாட்டு தட்டில் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் வெறும் கைகாட்டிகள். தட்டை எறிந்திருந்தால், ஊர் போன பிறகு கைகாட்டி மட்டும் நின்றிருக்கும்.

சரியான வழி, சிடியிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்தி, வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் சேமிப்பது. 74 நிமிடத் தட்டு வேவ் வடிவில் ஏறத்தாழ 780 மெகாபைட் வரும். சேமித்த கோப்பை ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கடையில் விற்ற தட்டை நகலெடுத்து மற்றவர்களுக்குப் பரப்புவது நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானது. அதைச் செய்ய வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் கருவி உண்மையிலேயே ஓடாவிட்டால், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் கட்டிக்காக்கச் சொல்லவில்லை. எதை எறிகிறோம் என்று தெரிந்து எறியுங்கள் என்கிறேன்.

அடுத்த விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனால், அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். வோல்ட், திருகு, வயர், ஒலியளவு என்று வரிசையாகச் சரிபாருங்கள். தட்டைப் போடுங்கள். முதல் முயற்சியில் ‘நோ டிஸ்க்’ என்று வந்தால், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி போடுங்கள்.